இரண்டாவது பிள்ளைக்குச் சேனை

என் மகளின் தலைப்பேறு ஒரு பகலும் ஓர் இரவும் நீண்டது. இரண்டாவது பேறுகாலம், நான் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்த நேரத்திலேயே பாதி முடிந்துவிட்டது. இரண்டும் தூத்துக்குடியில்தான், ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே டாக்டரம்மா கையில். முதலாவதில் என் மனைவி இருந்தாள். இரண்டாவதில் இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான் என்று யாராவது கேட்டால் சொல்லிவந்தேன். அது பாதி உண்மை. மீதி நான் செய்த ஒரு காரியம்.

உப்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வேதியியலில் முதுகலைப் பட்டம். ஈரம் எவ்வளவு, மண் எவ்வளவு, அயோடின் எவ்வளவு என்று பார்த்து நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் லாரி துறைமுகத்துக்குப் போகும். கழுவி வைத்த கண்ணாடிக் குவளையைக்கூட இன்னொரு முறை கழுவித்தான் தொடுவேன். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பாவம், தெரியாமல் செய்துவிட்டார் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

தலைப்பேறு தாய் வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் மகளைக் கூட்டிவந்தோம். வலி எடுத்த காலையில் மனைவி ஒரு ரெக்ஸின் பையோடு ஆட்டோவில் ஏறினாள். அதில் பழைய வேட்டித் துணி, பிளாஸ்க், விபூதிப் பொட்டலம், ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் கற்கண்டு. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் ஓர் இடத்தில் உட்காரவில்லை. பக்கத்து பெஞ்சில் இருந்தவர்களின் ஊர், உறவு, வந்த காரணம் எல்லாம் மத்தியானத்துக்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பிள்ளை பெறுதது அவ. நீங்க எதுக்கு இடுப்புல கை வச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. பெஞ்சு முழுவதும் சிரித்தது.

மறுநாள் விடிந்த பிறகு பேரன் பிறந்தான். நர்ஸ் துணியில் சுற்றி என்னிடம் நீட்டினபோது என் கை நடுங்கியது. வாங்க முடியவில்லை. மனைவிதான் வாங்கினாள். நர்ஸ் அவளிடம், "தாய்ப்பாலத் தவிர ஒண்ணும் குடுக்கக்கூடாது, கேட்டுதா பாட்டி?" என்றாள்.

"பாட்டியா? இப்பத்தான் வேலையில சேந்திருக்கேன், அதுக்குள்ள அதட்டுதியே" என்றாள் மனைவி.

நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் பிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றிக் கற்கண்டைக் கரைத்தாள். சேனை தொடப் போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக இனிப்பைத் தொட்டு வைப்பதைத்தான் சேனை என்கிறோம். யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் வீட்டில் ஆள் பார்த்துத்தான் வைக்கச் சொல்வார்கள்.

"ஏளா, வேண்டாம். கிருமி" என்றேன்.

"கிருமியெல்லாம் உங்க லேப்புல வச்சுக்கோங்க. நான் வைக்காட்டா நீங்களா வைக்கப் போறீங்க? நீங்க வச்சா இந்தப் பய கல்யாணத்தன்னைக்குக்கூட வாயத் தொறக்க மாட்டான்."

கட்டிலில் கிடந்த மகள், "சிரிக்க வைக்காதம்மா, தையல் இழுக்கு" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மனைவி விரல் நுனியால் ஒரு சொட்டு வைத்தாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. வளர்ந்து, பக்கத்து வீட்டுக்காரரை வழிமறித்துப் பேசுகிறவன் ஆனான். பார்த்தவர்கள் எல்லாரும் பாட்டி வைத்த சேனை என்றார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டேன்.

பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம் அவள் இறந்தாள். சர்க்கரை, பிறகு சிறுநீரகம். நான் அழவில்லை. மன உறுதி உள்ள மனிதர் என்று வந்தவர்கள் சொன்னார்கள். உறுதி ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன், மின்சாரக் கட்டணம் கட்டினேன். மருமகன் கப்பலில் என்ஜின் பிரிவில் வேலை பார்க்கிறவர், வருடத்தில் பாதி கடலில் இருப்பவர். ஆகவே மகள் பையனோடு என் வீட்டு மாடியில் குடிவந்தாள். எனக்குத் துணை என்று வெளியே சொல்லிக்கொண்டோம்.

இரண்டாவது முறை அவள் உண்டானபோது, முறைப்படி அது மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. ஆத்தூருக்குத்தான் போக வேண்டும். அங்கே அவர்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. மகள் அதே டாக்டரம்மாதான் வேண்டும், இங்கேதான் இருப்பேன் என்றாள். மாமியார் போனில், "பொம்பள இல்லாத வீட்டுல பேறுகாலம் பாக்க முடியுமா? சரி, நீ இங்கன வர வேண்டாம், நான் அங்கன வாரேன்" என்றாராம். ஒன்பதாம் மாதம் பிறந்ததும் வந்துவிட்டார்.

சம்பந்தியம்மாவைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல முடியாது. காலையில் எனக்கு முன்னால் எழுந்து வாசல் தெளித்திருப்பார். மகளுக்கு உளுந்தங்களி, பேரனுக்குத் தோசை, எனக்குச் சர்க்கரை இல்லாத காப்பி. வெற்றிலை போடுகிறவர், ஆனால் என் வீட்டில் ஒரு சுவரிலும் துப்பல் பட்டதில்லை. அண்ணாச்சி, அண்ணாச்சி என்றுதான் பேசுவார். அடுப்படியில் மட்டும் சில டப்பாக்களை இடம் மாற்றினார். மல்லி இருந்த இடத்தில் சீரகம், காப்பித்தூள் மேல் தட்டில். அவர் உயரத்துக்கு அது வசதி. என் மனைவி வைத்த இடத்தில் ஒன்றும் இல்லை என்பதை ஒவ்வொரு நாளும் நான் கவனித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. நான் செய்த காரியத்துக்குப் பின்னால் இந்த அற்பமும் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் பூண்டு உரித்துக்கொண்டே மகளிடம் சொன்னார். "ஏளா, மூத்ததுக்கு உங்க அம்மா சேனை தொட்டாச்சு. இதுக்கு நான்தான் தொடுவேன்."

"யாரும் தொடக்கூடாது அத்தை. டாக்டர் திட்டுவாங்க."

"ஒரு சொட்டு. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்லா. வேண்டாம்னா வேண்டாம்."

"சரி, வைக்கல. இது உன்ன மாதிரியே மொரண்டு பிடிக்கட்டும், அப்ப தெரியும்" என்று சிரித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

குறித்த நாளுக்கு முன்பாகவே ஒரு காலையில் மகள் மாடிப்படியில் பாதியில் நின்று, "அப்பா, வலிக்கு. முதல் தடவ மாதிரி இல்ல" என்றாள். முதல் தடவை எவ்வளவு நேரம் ஆனது என்பது என் நினைவில் இருந்தது. "நேரம் இருக்கும்மா, உட்காரு. ஒரு வாய் காப்பி குடி" என்று ஆற்றத் தொடங்கினேன்.

சம்பந்தியம்மா கையில் இருந்த கரண்டியைப் போட்டுவிட்டு வந்தார். "அண்ணாச்சி, காப்பியக் கீழ வைங்க. ரெண்டாவதுக்கு வழி தொறந்துல்லா கெடக்கு. ஆட்டோவக் கூப்பிடுங்க, ஓடுங்க."

"எந்தப் பையம்மா எடுக்கணும்?" என்று கேட்டேன் மகளிடம். "அம்மா பையையே எடுங்க" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. பீரோவில் இருந்த அந்த ரெக்ஸின் பையில் கையில் அகப்பட்ட துணிகளைத் திணித்தேன். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தேடியதும் கையெழுத்துப் போட்டதும் நினைவிருக்கிறது. உட்கார்வதற்குள் நர்ஸ் வந்து பெண் பிள்ளை என்றாள். எடை கொஞ்சம் குறைவு, ஆனால் நன்றாக அழுதது, தாயிடமே இருக்கட்டும் என்றாள். இம்முறை நீட்டியதும் வாங்கிக்கொண்டேன். கை நடுங்கவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு பார்சலை வாங்குவதுபோல வாங்கி, முகத்தைப் பார்த்து, சம்பந்தியம்மாவிடம் கொடுத்தேன். அவர் பிள்ளையின் உள்ளங்காலில் முத்தமிட்டு அழுதார். நான் மருமகனுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன்.

மத்தியானம் சம்பந்தியம்மா கஞ்சி வைத்துக் கொண்டுவரவும், பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டிவரவும் வீட்டுக்குப் போனார். மகள் தூங்கிவிட்டாள். பிள்ளை தொட்டிலில் விழித்துக் கிடந்தது. துண்டு எடுப்பதற்காகப் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தேன். அந்த எவர்சில்வர் டப்பா அங்கேயே இருந்தது. பேரன் பிறந்த அன்று அவள் மூடி வைத்தது. உள்ளே கற்கண்டு மஞ்சள் பாரித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கை அதற்குள் போயிருக்கிறது, பிறகு வேறு யார் கையும் போகவில்லை என்று நினைத்தேன். முதல் பிள்ளைக்கு அவள் கிடைத்தாள், இதற்கு ஒன்றுமே இல்லை என்று நினைத்தேன். சேனை தொடுவது நான் இல்லை, இந்தக் கற்கண்டு வழியாக அவள்தான் தொடுகிறாள் என்றும் நினைத்தேன். வேலையில் இருந்தபோது பரிசோதனைக்கு இப்படி ஒரு சாம்பிள் மேசைக்கு வந்திருந்தால் தொடாமலே தள்ளியிருப்பேன்.

நகத்தால் ஒரு துண்டைச் சுரண்டி, கட்டிலருகே இருந்த பிளாஸ்க்கின் மூடியில் வெந்நீர் ஊற்றிக் கரைத்தேன். கையைக் கழுவினேனா என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். நினைவில்லை. விரலைத் தோய்த்துப் பிள்ளையின் வாயில் வைத்தேன். நாக்கு விரலைச் சுற்றிப் பிடித்து இழுத்தது. அவ்வளவு சிறிய நாக்குக்கு அத்தனை பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் மனைவி போன பிறகு எனக்கு ஏதோ ஒன்று உறைத்தது அந்த நேரத்தில்தான். அதற்காகவே இன்னொரு முறையும் தோய்த்து வைத்தேன். பிறகு டப்பாவை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் பிள்ளை பால் குடிக்கவில்லை. வாயைத் திறக்கவே இல்லை. சாயங்காலத்துக்குள் உடம்பு அனலாகக் கொதித்தது. பச்சிளங் குழந்தைகள் பிரிவுக்கு எடுத்துப் போனார்கள். குழந்தை டாக்டர் இளவயதுக்காரர், மகளின் கட்டிலுக்கு வந்து நின்று கேட்டார். "ரத்தத்துல கிருமித்தொற்று இருக்கு. வாயில ஏதாவது குடுத்தீங்களா? தேன், சீனித்தண்ணி, கழுதைப்பால்? உண்மையைச் சொல்லுங்க, மருந்து குடுக்க எனக்குத் தெரியணும்."

மகள் மாமியாரைப் பார்த்தாள். டாக்டரும் அவரைத்தான் பார்த்தார். வெற்றிலைக் கறை படிந்த உதடு, சுங்குடிச் சேலை, வயது. பார்க்கத் தோதான ஆள். நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். டப்பா என் சட்டைப் பையில் இருந்தது.

"நான் ஒண்ணும் குடுக்கல தாயி" என்றார் சம்பந்தியம்மா.

"நீங்கதான ஆசப்பட்டீங்க அத்தை."

"ஆசப்பட்டேன். நீ வேண்டாம்னியா, விட்டுட்டேன். என் மவன் மேல சத்தியமா தொடல."

"அவர எதுக்கு இழுக்கீங்க?" மகளின் குரல் உடைந்து சத்தமாக வந்தது. "அவரு நடுக்கடல்ல கெடக்காரு. பொய்ச் சத்தியத்தை அவரு தலையில வைக்காதீங்க. என் பிள்ளைக்கு மட்டும் ஏதாவது ஆகட்டும்..."

டாக்டர் கையை உயர்த்தி நிறுத்தினார். எது கொடுத்திருந்தாலும் கொடுக்காவிட்டாலும் மருந்து தொடங்கிவிட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வாய்ப்பு இருந்தது. டாக்டர் நின்றபோது இருந்தது, அவர் போன பிறகும் இருந்தது. பயந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. பயம் என்றால் நெஞ்சு அடித்திருக்கும். வெளியே ஒரு லாரி பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு பல நாள் கிடந்து, பிறகு மெதுவாகப் பால் குடிக்கத் தொடங்கியது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரைத் தனியாகப் பார்த்து எதனால் வந்தது என்று கேட்டேன். எடை குறைந்த பிள்ளைகளுக்கு எப்படியும் வரலாம், பிரசவத்தின்போதே வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலை வெகுநாள் கையில் வைத்திருந்தேன்.

அதற்கு முன்பே சம்பந்தியம்மா ஊருக்குக் கிளம்பிவிட்டார். அபாயம் நீங்கியது என்று தெரிந்த மறுநாள். மகள் அவரிடம் பேசுவதை நிறுத்தியிருந்தாள், அவர் கொண்டுவந்த கஞ்சியைத் தொடவில்லை. பழைய பேருந்து நிலையம்வரை நான் கூடப் போனேன். பஸ்ஸில் ஏறுமுன் கேட்டார்.

"அண்ணாச்சி, நீங்களாவது என்ன நம்புதீங்களா?"

"நம்புதேன்" என்றேன்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது போதும்" என்றார். என் கையில் பேரனுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு முறுக்குப் பொட்டலத்தைத் தந்தார். பஸ் புறப்பட்டது. அவர் சொன்னது உண்மை என்று சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். அதை அவரிடம் மட்டும் சொன்னேன், யாருக்குத் தேவையில்லையோ அவரிடம்.

மருமகன் விடுப்பில் வந்தார். தாயா மனைவியா என்று அந்த விடுப்பு முழுவதும் மாடியில் சண்டை நடந்தது. கீழே எனக்குக் கேட்கும். சின்னப் பிள்ளை குப்புற விழுந்து, தவழ்ந்து, சுவரைப் பிடித்து நிற்க ஆரம்பித்தது. காது குத்துக்குத் திருச்செந்தூரில் எல்லோரும் கூடினோம். சம்பந்தியம்மா மண்டபத்துத் தூண் ஓரமாக, ஒரு விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையோடு பிள்ளை பாயைத் தாண்டித் தவழ்ந்து நேரே அவரிடம் போய், முழங்காலைப் பிடித்து எழுந்து நின்றது. அவர் இரண்டு கையையும் சட்டென்று பின்னால் கட்டிக்கொண்டார். "யாராவது வந்து பிள்ளையத் தூக்குங்கய்யா" என்றார் சத்தமாக. "நான் தொடல. பாத்துக்கோங்க, நான் தொடல."

 மகள் வந்து தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் மாடிக்குப் போனேன். மகள் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். "பாப்பாவுக்குச் சேனை வச்சது நான்" என்றேன்.

அவள் கை பாதியில் நின்றது. "எப்ப?"

"பிறந்த அன்னைக்கு. நீ தூங்கிட்டிருந்த. அம்மா டப்பாவுல கெடந்த கற்கண்டு."

"அம்மா பேரச் சொல்லாதீங்க." பிள்ளை அடுத்த வாய்க்கு வாயைத் திறந்து காத்திருந்தது. அவள் ஊட்டினாள். "டாக்டர் கேட்டப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"ஜன்னல் பக்கம்."

"ஜன்னல் பக்கம்" என்று அவளும் சொன்னாள். பிறகு வெகுநேரம் ஊட்டுவதிலேயே கவனமாக இருந்தாள். வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது குரலில் கோபம்கூட இல்லை. "வச்சது ஒரு பக்கம் கெடக்கட்டும்ப்பா. அவங்கள நான் என்ன பேச்சு பேசுனேன். பெத்த தாய்க்கு மேல பாத்தாங்க, அவங்களப் போயி. அதக் கேட்டுக்கிட்டு நின்னீங்களே." கொஞ்சம் கழித்து, "அத்தைகிட்ட நீங்கதான் போய்ச் சொல்லணும். போன்ல சொல்லக்கூடாது" என்றாள்.

ஆத்தூருக்குப் பஸ் ஏறினேன். சம்பந்தி கொடிக்காலுக்குப் போயிருந்தார். சம்பந்தியம்மா பின்கட்டில் ஈரச் சாக்கில் வெற்றிலையைப் பரப்பி, காம்பை ஒரு பக்கமாக வைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கப் போனவரை உட்காரச் சொல்லிவிட்டு, நின்றபடியே சொன்னேன். டப்பா, கற்கண்டு, சட்டைப் பை எல்லாவற்றையும். அவர் கை அடுக்குவதை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு நம்புதேன்னு சொன்னீங்களே அண்ணாச்சி" என்றார் கடைசியில்.

"ஆமா."

"யாரு நம்பாட்டாலும் அண்ணாச்சி நம்புதாருன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுல்லா திரிஞ்சேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட, என் மவன்கிட்ட. படிச்ச மனுசன், சும்மா சொல்ல மாட்டாருன்னு." அடுக்கின வெற்றிலையைக் கலைத்தார். "என் மவனே என்ன நம்பலய்யா. அவன் மேலதான் சத்தியம் பண்ணுனேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்து கையைக் கழுவினார், உள்ளே போனார். சேலை மாற்றிக்கொண்டு வெளியே வந்து கதவைப் பூட்டினார்.

"பிள்ளையப் பாக்கணும். நடங்க."

பஸ்ஸில் அவர் முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன். டிக்கெட்டை அவரே எடுத்துக்கொண்டார். தூத்துக்குடிவரை அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலுக்கு மகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். "அத்தை" என்றாள், அதற்கு மேல் வரவில்லை. பிள்ளையை அப்படியே எடுத்து அவர் கையில் வைத்தாள். சம்பந்தியம்மா முதலில் கையை இறுக்கமாகத்தான் வைத்திருந்தார். பிள்ளை அவர் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. "விடுளா, வலிக்குல்லா" என்று சொல்லிக்கொண்டே அழுதார். இருவரும் படியேறினார்கள்.

நானும் பின்னால் இரண்டு படி ஏறினேன். மகள் திரும்பி, "நீங்க கீழயே இருங்கப்பா" என்றாள். கடுமையாகச் சொல்லவில்லை.

சரி என்று இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். சாயங்காலம் ஆனது. மேலே பாத்திரம் வைக்கும் சத்தமும் பேச்சும் கேட்டன. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.